புது மருமகளின் கூறு

தங்கச்சி, கல்யாணமாகி வந்து மூன்று மாதம்தான் ஆகிறது, ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டார் காட்டுப்பன்றி வேட்டைக்குக் கூப்பிடுகிறார்கள், பயமாக இருக்கிறது, போகலாமா என்று கேட்டிருந்தாய். போ. நான் 1997-இல் பட்டுக்கோட்டையிலிருந்து மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டுக்கு வாழ வந்தவள். எனக்கும் இதே பயம் இருந்தது.

ஆனால் கிளம்பும் முன் உன் வீட்டுக்காரரிடம் இரண்டு விஷயம் கேட்டுக்கொள். துப்பாக்கி உரிமம் யார் பெயரில் இருக்கிறது? வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானில் வேட்டை உரிமம் எடுத்தாகிவிட்டதா? 2010 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டுப்பன்றிக்கும் உரிமம் வேண்டும். கள்ளத்துப்பாக்கி வைத்திருந்தால் 14 ஆண்டு வரை சிறை. தெரிந்தே அதை வைத்திருப்பவரோடு சேர்ந்து திரிகிறவர்மீதும் அதே சட்டம் பாயும். படம் எடுக்கக்கூட அதைக் கையில் வாங்காதே. கம்பிச் சுருக்கு வைக்கப் போகிறோம் என்றால் வீட்டிலேயே இருந்துவிடு. அது குற்றம், புலிகூட அதில் மாட்டிச் சாகிறது.

என் முதல் ஞாயிறு இன்னும் கண்ணில் நிற்கிறது. விடியும் முன்பே தோட்டத்து எல்லையில் முனியாண்டி கல்லுக்கு எலுமிச்சம்பழமும் சுருட்டும் வைத்தார் மாமா. அந்த வருஷம் மறுநடவு. பன்றிகள் ராத்திரியோடு ராத்திரியாகச் செம்பனை (எண்ணெய்ப் பனை) கன்றுகளைக் கிளறிக் குருத்தைத் தின்றிருந்தன. மாமா முன்னால் நடந்தார், மச்சாண்டார் நாய்களோடு பள்ளத்துப் பக்கம் போனார், ஓரகத்தி அக்காவும் நானும் மேட்டுப்பாதையில் சோற்றுப் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்தோம். கல்யாணத்துக்குப் பிறகு அக்கா என்னோடு மனம்விட்டுப் பேசியது அந்த மூன்று மணி நேரத்தில்தான். என் காலில் ஏறிய அட்டைகளைப் புகையிலைத் தண்ணீர் தொட்டு ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுக்கொண்டே, மாமியாருக்கு எது பிடிக்கும், எதற்கு முகம் சுருங்கும் என்று எல்லாம் சொன்னார்.

மத்தியானம் எங்கள் தோட்டத்து வீட்டு வரிசையான லயத்துக்குப் பின்னால் பன்றியை வாட்டிச் சுரண்டி, வாழையிலைகளில் கறியைக் கூறு போட்டார்கள். எலும்பு, கொழுப்பு, ஈரல் என்று எல்லாக் கூறிலும் எல்லாமும் இருந்தன. மாமா முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்ள, மச்சாண்டார் மகன் ஒரு இலையைத் தொட்டு, "இது யாருக்கு?" என்றான். மாமா ஒவ்வொரு வீட்டுப் பெயராகச் சொல்லி வந்தவர் நடுவில், "இது பட்டுக்கோட்டைப் பிள்ளைக்கு" என்றார். நாங்கள் அப்போது கூட்டுக் குடும்பம்தான், தனி அடுப்புகூடக் கிடையாது. ஆனாலும் எனக்கென்று ஒரு கூறு. கொல்லைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

கறி கிடைத்தால் உள்ளே சிவப்பே தெரியாத அளவு நன்றாக வேகவை, காட்டுப்பன்றியில் புழு இருக்கும். பக்கத்தில் பன்றியைத் தொடாத மலாய்க்காரர் வீடு இருந்தால் பொதுக்குழாயில் கழுவாதே. செத்துக் கிடக்கும் பன்றியை யாரும் தொட வேண்டாம். 2021 டிசம்பரில் மலேசியத் தீபகற்பத்திலும், பன்றிகளைக் கொல்லும் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் உறுதியானது.

அதற்கப்புறம் எங்கள் பக்கம் பன்றி குறைந்துவிட்டது, பல ஞாயிறுகளில் வெறுங்கைதான். மாமாவுக்கு இப்போது காட்டுக்குள் நடக்க முடியாது. பிள்ளைகள் பறித்து வரும் பெத்தாய் என்ற காட்டு அவரைக்காயை வாழையிலையில் பரப்பச் சொல்லி, நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொள்கிறார். போன வாரம் இலையைத் தொட்டு "இது யாருக்கு?" என்று கேட்டவள் என் மகள்.