பல பிளாட்ஃபார்ம்களில் கன்டெய்னர் டெஸ்ட்: கேள்வி பதில்

லினக்ஸ், விண்டோஸ், மேக் என்ற ஓஎஸ்கள்; இன்டெல் (ஏஎம்டி64 என்பதும் இதே வகை), ஏஆர்எம் (ஏஆர்எம்64 அதன் 64 பிட் வகை) என்ற சிபியு வகைகள். ஒரே கன்டெய்னர் மென்பொருளை (தேவையானதெல்லாம் சேர்த்து 'இமேஜ்' என்ற பொட்டலமாகக் கட்டி, தனி அறைபோல் ஓடுவது) இத்தனை இடங்களிலும் தானாகச் சோதிக்க சிஐ பைப்லைன் (கோடு மாறும்போதெல்லாம் பில்ட், டெஸ்ட் ஓட்டும் வரிசை) அமைப்பது பற்றி வந்த கேள்விகள் இவை. கேட்டவர்களில் பெரும்பாலோர் கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் வைத்திருப்பதால் (கிட்ஹப்பின் சிஐ சேவை; அங்கே ஓடும் ஒவ்வொரு வேலையும் 'ஜாப்', அதை ஓட்டும் மெஷின் 'ரன்னர்') பதில்களும் அதை ஒட்டியே இருக்கும். கிட்லேப் பற்றிக் கேட்டவருக்குத் தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: அண்ணா, எங்க கோ மொழி சர்வீஸின் ஏஆர்எம்64 இமேஜ் சிஐ-யில் பில்ட் ஆகுது, டெஸ்டும் பாஸ். ஏஆர்எம் சர்வரில் ஏத்தினால் "எக்ஸெக் ஃபார்மேட் எரர்". அப்போ டெஸ்ட் எப்படிப் பாஸ் ஆச்சு?

இமேஜ் மேல் ஒட்டியிருக்கும் லேபிள் ஏஆர்எம்64. உள்ளே இருக்கும் பைனரி ஏஎம்டி64. அவ்வளவுதான் விஷயம்.

டாக்கர்ஃபைலின் (இமேஜ் கட்டும் குறிப்பு ஃபைல்) முதல் கட்டத்தை பில்ட்பிளாட்ஃபார்மில், அதாவது கட்டும் மெஷினின் சிபியு வகையிலேயே, ஓடும்படி எழுதியிருப்பீர்கள். வேகத்துக்காக அது சரிதான். ஆனால் 'டார்கெட்ஆர்ச்' (எந்த சிபியு வகைக்குக் கட்டுகிறோம் என்று சொல்லும் பில்ட் மாறி) என்பதை அந்தக் கட்டத்துக்குள், அதாவது ஃப்ரம் வரிக்குக் கீழே, அறிவித்திருக்கிறீர்களா? ஃப்ரம்-க்கு மேலே அறிவித்தது கட்டத்துக்குள் தெரியாது. மதிப்பு காலியாக வரும். அதிலிருந்து மதிப்பு வாங்கும் கோஆர்ச் காலியாக இருந்தால் கோ கம்பைலர் தான் ஓடும் மெஷினுக்கே பைனரி எடுக்கும். அதைக் கடைசிக் கட்டத்தின் ஏஆர்எம் பேஸ் இமேஜில் காப்பி செய்ததும் லேபிள் ஒன்று, சரக்கு வேறு என்று ஆகிவிடுகிறது. எரர், வார்னிங் எதுவும் வராது.

டெஸ்ட் பாஸ் ஆனதற்குக் காரணம், ரன்னரே ஏஎம்டி64 மெஷின். கெர்னல் பார்ப்பது இமேஜ் லேபிளை அல்ல, பைனரியின் எல்ஃப் தலைப்பை (எந்த சிபியு-வுக்கானது என்று சொல்லும் தொடக்கப் பகுதி). ஏஎம்டி64 என்று கண்டதும் கியூஎம்யு-வை (வேறு சிபியு-வைப் போல நடிக்கும் எமுலேட்டர்) கூப்பிடாமல் நேராக ஓட்டிவிடும். பைனரி ஸ்டேட்டிக் (வெளி லைப்ரரி தேவைப்படாதது) என்றால் அதற்கு வேறெதுவும் தேவையும் இல்லை. பில்டுக்கும் டெஸ்டுக்கும் நடுவே ஒரு ஸ்டெப் சேருங்கள்: இமேஜிலிருந்து பைனரியை வெளியே எடுத்து 'ரீட்எல்ஃப்' கட்டளையை ஹெச் கொடியுடன் ஓட்டுங்கள். 'மெஷின்' வரியில் ஏஆர்ச்64 இல்லையென்றால் அங்கேயே ஜாபை நிறுத்துங்கள். 2 நொடி வேலை.

இதே எரர் வர இன்னொரு காரணமும் உண்டு. என்ட்ரிபாயின்ட் ஷெல் ஸ்கிரிப்டின் முதல் வரியில் #! இல்லாவிட்டாலும் இதே வாசகம்தான் வரும். ஆர்க்கிடெக்சரைத் தேடி அரைநாள் போக்குவதற்கு முன் அதைப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: கியூஎம்யு போதாதா? நேட்டிவ் ஏஆர்எம் ரன்னர் எதற்கு?

பில்டுக்குப் போதும். "இமேஜ் எழுந்து நிற்கிறதா" என்ற ஸ்மோக் டெஸ்டுக்கும் போதும். அதற்கு மேல் கியூஎம்யு-வில் வந்த பச்சை டிக்கை நம்பாதீர்கள்.

முதல் காரணம் மெமரி ஆர்டரிங். இன்டெல் சிபியு மெமரியில் எழுதியவற்றை வரிசை மாற்றாமல் மற்ற கோர்களுக்குக் காட்டும். ஏஆர்எம் அந்த உத்தரவாதம் தராது. லாக் விட்டுப்போன மல்டிதிரெட் கோடு இன்டெலில் வருஷக்கணக்கில் நன்றாக ஓடி, ஏஆர்எம்-இல் மட்டும் எப்போதாவது கெட்டுப்போகும். இன்டெல் மெஷின் மேல் கியூஎம்யு ஓடும்போது கீழே இருப்பது இன்டெல் சிபியு; அதனால் அந்த பக் தலைகாட்டுவது அரிது.

இரண்டாவது பேஜ் சைஸ், அதாவது கெர்னல் மெமரியைப் பிரிக்கும் துண்டின் அளவு. ராஸ்பெரி பை 5-இன் வழக்கமான கெர்னல் 16 கேபி பேஜ். ரெட்ஹேட் 8-இன் ஏஆர்எம் கெர்னல் 64 கேபி. 4 கேபி மெஷினில் கம்பைல் செய்த ஜெமலாக் (மெமரி ஒதுக்கும் லைப்ரரி) இவற்றில் 'அன்சப்போர்ட்டட் சிஸ்டம் பேஜ் சைஸ்' என்று சொல்லிப் படுத்துவிடும். எமுலேஷனிலும் சரி, சாதாரண 4 கேபி ஏஆர்எம் ரன்னரிலும் சரி, இது தெரியாது. ஜெமலாக் கம்பைல் செய்யும்போது 'வித்-எல்ஜி-பேஜ்' மதிப்பை 16 என்று கொடுத்தால் 64 கேபி வரை தாங்கும்.

மூன்றாவது, கியூஎம்யு யூசர் மோடில் பிட்ரேஸ் (ஒரு பிராசஸ் இன்னொன்றைக் கண்காணிக்கும் வசதி) கிடையாது. எஸ்ட்ரேஸ், ஜிடிபி வைத்து எதையும் பிடிக்க முடியாது. கோ-வின் ரேஸ் டிடெக்டரையும் அங்கே ஓட்ட முயலாதீர்கள்.

எமுலேஷனிலேயே பிடிபடும் விஷயங்களும் உண்டு. சி மொழியின் 'சார்' இன்டெலில் சைன்டு, ஏஆர்எம் லினக்ஸில் அன்சைன்டு. கெட்சார் தருவதை சார் மாறியில் வாங்கி ஈஓஎஃப்-உடன் ஒப்பிடும் லூப் ஏஆர்எம்-இல் முடியவே முடியாது. இது கம்பைலர் முடிவு செய்வது என்பதால் கியூஎம்யு-விலும் அப்படியே வெளிப்படும். பைட் வரிசைப் பிழைகளும் அப்படித்தான்: எஸ்390எக்ஸ் மெயின்ஃபிரேம் யாரிடமும் இல்லாவிட்டாலும், அந்த பிளாட்ஃபார்மில் யூனிட் டெஸ்டை வாரம் ஒருமுறை எமுலேஷனில் ஓட்டினால் பிக் எண்டியன் தவறுகள் வந்து விழும்.

கிட்ஹப் 2025 ஜனவரியில் பொது ரெப்போக்களுக்கு ஏஆர்எம்64 லினக்ஸ் ரன்னரை இலவச முன்னோட்டமாகத் திறந்தது. உபுண்டு-24.04-ஏஆர்எம் என்று லேபிள் கொடுத்தால் வந்துவிடும். இன்னும் முழு டெஸ்டையும் எமுலேஷனில் ஓட்டிக்கொண்டிருப்பதற்குக் காரணம் சோம்பல் மட்டுமே.

கேள்வி: இரண்டு ஆர்க்கிடெக்சருக்கும் சேர்த்து பில்ட் 40 நிமிஷம் ஆகுது. குறைக்க வழி?

ஒரே ஜாபில் இரண்டையும் கட்டாதீர்கள். மேட்ரிக்ஸில் (ஒரே ஜாபைப் பல அமைப்புகளுக்குப் பெருக்கும் பட்டியல்) ஆர்க்கிடெக்சருக்கு ஒரு ஜாப், ஒவ்வொன்றும் தன் நேட்டிவ் ரன்னரில். ஒவ்வொரு ஜாபும் டேக் (பெயர்) போடாமல் டைஜஸ்டாக (உள்ளடக்கத்திலிருந்து வரும் ஹாஷ் அடையாளம்) மட்டும் ரெஜிஸ்ட்ரிக்கு, அதாவது இமேஜ் கிடங்குக்கு, புஷ் செய்யட்டும் (பில்ட்எக்ஸ் அவுட்புட்டில் 'புஷ்-பை-டைஜஸ்ட்'). டெஸ்டும் அந்த டைஜஸ்டையே இழுத்து ஓட்டட்டும். எல்லா ஜாபும் தேறிய பிறகு கடைசி ஜாபில் 'இமேஜ்டூல்ஸ் கிரியேட்' மூலம் இரண்டு டைஜஸ்டையும் ஒரே டேக்கின் கீழ் சேருங்கள். இதில் வேகத்தைவிடப் பெரிய லாபம், டெஸ்ட் ஆன அதே இமேஜ்தான் வெளியே போகும். டெஸ்டுக்கு ஒன்று கட்டி, ரிலீஸுக்கு மறுபடி ஒன்று கட்டுபவர்கள் நிறைய. நடுவில் பேஸ் இமேஜ் மாறியிருந்தால் யாருக்கும் தெரியாது.

கேச்சில் ஒரு பொறி இருக்கிறது. ஜிஹெச்ஏ (கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ்) வகைக் கேச்சுக்கு 'ஸ்கோப்' பெயர் கொடுக்காவிட்டால் இரண்டு ஜாபும் ஒரே பெயரில் எழுதும், கடைசியாக முடிந்தது மற்றதை அழித்துவிடும். ஆர்க்கிடெக்சர் பெயரையே ஸ்கோப்பாக வையுங்கள். நடுக்கட்டங்களும் கேச் ஆக 'மோட்=மேக்ஸ்' வேண்டும். 7 நாள் யாரும் தொடாத கேச் போய்விடும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

கேள்வி: புஷ் ஆன இமேஜை ரெஜிஸ்ட்ரியில் பார்த்தால் "அன்நோன்/அன்நோன்" என்று ஒரு பிளாட்ஃபார்ம் தெரிகிறது. என்ன அது?

பிராவெனன்ஸ் அட்டெஸ்டேஷன், அதாவது எப்படிக் கட்டப்பட்டது என்ற குறிப்பு. இமேஜ் இல்லை. வேண்டாமென்றால் 'பிராவெனன்ஸ்=ஃபால்ஸ்' கொடுங்கள். பிளாட்ஃபார்ம் பட்டியலை எண்ணிச் சரிபார்க்கும் ஸ்கிரிப்ட் வைத்திருந்தால் அது இதையும் எண்ணிவிடும், பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: 3 ஓஎஸ், 2 ஆர்க்கிடெக்சர், டாக்கர், பாட்மேன் (டாக்கர் போன்ற இன்னொரு என்ஜின்), ரூட், ரூட்லெஸ் (ரூட் அதிகாரம் இல்லாமல்)... மேட்ரிக்ஸ் 24 ஜாப் ஆகிவிட்டது. ஒவ்வொரு புல் ரிக்வெஸ்டுக்கும் இத்தனையா?

வேண்டாம். பெருக்கல் வாய்ப்பாடு போட்டு மேட்ரிக்ஸ் கட்டக் கூடாது. எந்த வித்தியாசம் உங்கள் கோடில் வேறு பாதையை எடுக்க வைக்கிறதோ அதற்கு மட்டும் ஜாப். புல் ரிக்வெஸ்டுக்கு ஏஎம்டி64, ஏஆர்எம்64 இரண்டிலும் முழு டெஸ்ட், கூடவே ரூட்லெஸ் பாட்மேனில் ஒன்று. மற்றதெல்லாம் ராத்திரி ஷெட்யூலுக்கு.

'ஃபெயில்-ஃபாஸ்ட்'டை ஃபால்ஸ் ஆக்குங்கள். இயல்பாக அது ட்ரூ. ஒரு ஜாப் விழுந்ததும் மற்றவற்றை ரத்து செய்துவிடும். ஏஆர்எம்-இல் மட்டும் விழுகிறதா, எல்லாவற்றிலுமா என்பதுதான் உங்களுக்கு வேண்டிய முதல் தகவல், அதுவே போய்விடும். ஜாபுக்கு டைம்அவுட்டும் கொடுங்கள். கொடுக்காவிட்டால் 360 நிமிஷம். தொங்கிப்போன ஒரு கன்டெய்னர் 6 மணி நேரத்தைத் தின்னும்.

ராத்திரி ஜாப் வைப்பவர்கள் கவனிக்க: பொது ரெப்போவில் 60 நாள் எந்த நடமாட்டமும் இல்லையென்றால் கிட்ஹப் ஷெட்யூலை நிறுத்திவிடும்.

கேள்வி: டாக்கரில் பாஸ் ஆகும் டெஸ்ட் பாட்மேன் ரூட்லெஸில் வரிசையாக விழுகிறது. உபுண்டு 24.04 ரன்னர், ஃபெடோரா விஎம் (விர்ச்சுவல் மெஷின்) இரண்டிலும் வேறு வேறு எரர்.

வேறு வேறு காரணங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

இமேஜ் பெயரே தீரவில்லை என்று வந்தால், குறும்பெயர் பிரச்சினை. டாக்கர் 'ரெடிஸ்' என்றால் டாக்கர் ஹப்புக்கே போகும். பாட்மேன் ரெஜிஸ்ட்ரி பட்டியலைத் தேடும். டெஸ்டில் எப்போதும் ரெஜிஸ்ட்ரியோடு முழுப்பெயர் எழுதுங்கள்.

80-ஆம் போர்ட் திறக்க முடியவில்லை என்றால், 1024-க்குக் கீழ் ரூட் இல்லாமல் முடியாது. டெஸ்டில் 8080 என்று மாற்றுவதே நல்லது. சிஸ்கன்ட்ரோல் என்ற கெர்னல் அமைப்பில் அந்த வரம்பைத் தளர்த்தினால் பயனர் மெஷினில் நடப்பதை நீங்கள் சோதிக்கவில்லை என்று அர்த்தம்.

உபுண்டுவில் யூசர் நேம்ஸ்பேஸ் எரர் வந்தால், 24.04-இல் ரூட் அல்லாதவர் யூசர் நேம்ஸ்பேஸ் உருவாக்குவதை ஆப்ஆர்மர் (உபுண்டுவின் பாதுகாப்புக் காவல்) கட்டுப்படுத்துகிறது. டிஸ்ட்ரோ கொடுத்த பாட்மேனுக்கு அதற்கான புரொஃபைல் உண்டு. நீங்களே கம்பைல் செய்து வேறு இடத்தில் வைத்த பைனரிக்கு இல்லை. அதற்கு ஒரு புரொஃபைல் எழுதுங்கள்.

ஃபெடோராவில் பைண்ட் மவுண்டை (கன்டெய்னருக்குள் காட்டிய ஹோஸ்ட் டைரக்டரி) படிக்க முடியவில்லை என்றால் காரணம் எஸ்இலினக்ஸ், ஃபெடோராவின் பாதுகாப்புக் காவல். மவுண்ட் முடிவில் பெரிய இசட் (:Z) சேருங்கள்.

ஃபெடோராவை ரன்னரில் கன்டெய்னராக ஓட்டிவிட்டு "ஃபெடோராவில் சோதித்தோம்" என்று எழுதாதீர்கள். கெர்னல் உபுண்டுவுடையது, எஸ்இலினக்ஸ் அங்கே இல்லவே இல்லை. லிமா என்ற கருவி வைத்து விஎம் எழுப்புங்கள். கிட்ஹப்பின் இன்டெல் லினக்ஸ் ரன்னரில் விஎம்-ஐ வேகமாக ஓட்டும் கேவிஎம் இருக்கிறது. /டெவ்/கேவிஎம் ஃபைலுக்கு 0666 அனுமதி தரும் யுடெவ் விதி ஒன்று எழுதினால் போதும்.

கேள்வி: மேக், விண்டோஸ் ரன்னர்களில் லினக்ஸ் கன்டெய்னர் ஓட்ட முடியுமா சார்?

கிட்ஹப் தரும் ரன்னரில், இரண்டிலும் முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆப்பிள் சிலிக்கான் மேக் ரன்னரே ஒரு விஎம், அதற்குள் இன்னொரு விஎம் எழுப்ப வழியில்லை. விண்டோஸ் ரன்னரின் டாக்கர் விண்டோஸ் கன்டெய்னருக்கு மட்டும். ஆகவே அங்கே உங்கள் கிளையன்ட் பைனரியை மட்டும் சோதியுங்கள்: பாத் பிரிப்பு, கன்ஃபிக் ஃபைல் இடம், பெரிய எழுத்து சின்ன எழுத்து வேறுபடுத்தாத ஃபைல்சிஸ்டம். என்ஜினோடு பேச வேண்டிய டெஸ்ட் இருந்தால் டாக்கர்ஹோஸ்ட் மாறியை எஸ்எஸ்ஹெச் வழியாக ஒரு லினக்ஸ் மெஷினுக்குத் திருப்புங்கள். சொந்த மேக் மினி இருந்தால் கொலிமா (மேக்கில் லினக்ஸ் கன்டெய்னர் ஓட்டும் கருவி) நேராகவே ஓடும்.

விண்டோஸ் கன்டெய்னர்தான் வேண்டும் என்றால் ஹோஸ்ட் பதிப்பும் இமேஜ் பதிப்பும் ஒத்துப்போக வேண்டும். சர்வர் 2019 இமேஜ் 2022 ரன்னரில் பிராசஸ் ஐசொலேஷனில் (ஹோஸ்ட் கெர்னலையே பகிர்ந்து ஓடும் முறை) ஏறாது.

விண்டோஸில் இன்னொரு தொல்லை வரிமுடிவு. அங்கே செக்அவுட் ஆன ஷெல் ஸ்கிரிப்ட் சிஆர்எல்எஃப் ஆகி லினக்ஸ் இமேஜுக்குள் போனால், ஃபைல் கண்ணெதிரே இருக்கும்போதே "நோ சச் ஃபைல்" என்று வரும். கெர்னல் தேடுவது கடைசியில் கண்ணுக்குத் தெரியாத சிஆர் எழுத்து ஒட்டிய ஷெல் பெயரை. கிட்ஆட்ரிபியூட்ஸில் ஷெல் ஸ்கிரிப்டுகளுக்கு ஈஓஎல்=எல்எஃப் வைத்து ஒருமுறை ரீநார்மலைஸ் செய்யுங்கள்.

கேள்வி: கிட்லேப்பில் டாக்கர்-இன்-டாக்கர். டீமனுடன் (கன்டெய்னர்களை ஓட்டும் பின்னணி சர்வீஸ்) இணைய முடியவில்லை என்கிறது. சில நேரம் இணைந்தாலும் லோக்கல்ஹோஸ்டில் சர்வீஸ் பதில் தருவதில்லை.

19.03 பதிப்பிலிருந்து டிண்ட் (டாக்கர்-இன்-டாக்கர்) இமேஜ் இயல்பாகவே டிஎல்எஸ் என்ற பாதுகாப்பான இணைப்புடன் எழும், போர்ட் 2376. பழைய உதாரணத்தைப் பார்த்து 2375 எழுதியிருப்பீர்கள். டிஎல்எஸ் சான்றிதழ் டைரக்டரியை /செர்ட்ஸ் என்று வையுங்கள். ரன்னர் கன்ஃபிக்கில் பிரிவிலேஜ்டு ட்ரூ, வால்யூமில் /செர்ட்ஸ்/கிளையன்ட்.

இரண்டாவது: உங்கள் டெஸ்ட் ஒரு கன்டெய்னர், டீமன் இன்னொரு கன்டெய்னர். போர்ட் திறப்பது டீமன் பக்கம். லோக்கல்ஹோஸ்டுக்குப் பதில் 'டாக்கர்' என்ற ஹோஸ்ட்பெயரைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: பத்தில் ஒருமுறை விழும் டெஸ்ட். ஸ்லீப் 30 போட்டும் தீரவில்லை.

ஸ்லீப்பை எடுங்கள். ஹெல்த்செக் எழுதி 'கம்போஸ் அப்'-ஐ 'வெயிட்' கொடியுடன் ஓட்டுங்கள், உச்சவரம்பாக வெயிட்-டைம்அவுட் கொடுங்கள். எமுலேஷன் ஜாபுக்கு அந்த வரம்பைப் பல மடங்கு கூட்ட வேண்டும்.

எக்ஸிட் கோடையும் பாருங்கள். நிறுத்தும்போது 143 அல்லது 0 வந்தால் சரி. 137 என்றால் 10 நொடி காத்திருந்து சிக்கில் (SIGKILL) சிக்னலால் கட்டாயமாக நிறுத்தியிருக்கிறது, அல்லது மெமரி தீர்ந்திருக்கிறது. முதல் வகைக்கு வழக்கமான காரணம், சிஎம்டி-யை ஷெல் வடிவில் எழுதியது: நிறுத்தச் சொல்லும் சிக்டெர்ம் சிக்னல் ஷெல்லிடமே நின்றுவிடும். எக்ஸெக் வடிவுக்கு மாற்றுங்கள்.

விழுவது டெஸ்டே இல்லாமல் இமேஜ் இழுப்பதாகவும் இருக்கலாம். டாக்கர் ஹப்பில் லாகின் இல்லாமல் 6 மணி நேரத்துக்கு ஐபி ஒன்றுக்கு 100 புல் (இமேஜ் இழுப்பு). மல்டிஆர்க் இமேஜில் ஒவ்வொரு ஆர்க்கிடெக்சரும் தனிக் கணக்கு. ஆபீஸில் சொந்த ரன்னர்கள் எல்லாம் ஒரே ஐபி-யில் வெளியே போனால் மத்தியானத்துக்குள் தீர்ந்துவிடும். பேஸ் இமேஜ்களுக்கு ஒரு மிரர் வையுங்கள்.

கேள்வி: ஏஆர்எம்வி7 (32 பிட் ஏஆர்எம்) இன்னும் தேவையா? பழைய ராஸ்பெரி பை பயனர்கள் கேட்கிறார்கள்.

பயனர் இருந்தால் தேவை, ஆனால் பில்ட் மட்டும் செய்து விட்டுவிடாதீர்கள். ஆல்பைன் லினக்ஸ் 3.13-இலிருந்து 32 பிட்டிலும் டைம்டி (நேரத்தை வைக்கும் சி மொழி வகை) 64 பிட். பழைய லிப்செக்காம்ப் (சிஸ்டம் கால்களை வடிகட்டும் லைப்ரரி) இருக்கும் ஹோஸ்டில், இதற்காக வந்த புது சிஸ்டம் கால்கள் தடுக்கப்பட்டு நேரம் கேட்பதெல்லாம் உடையும். ஹோஸ்டில் லிப்செக்காம்ப் 2.4.2, டாக்கர் 19.03.9 குறைந்தபட்சம் வேண்டும். கோ எழுதுபவர்களுக்கு 64 பிட் அட்டாமிக் அலைன்மென்ட் பேனிக் வரும்; கோ 1.19-இல் வந்த அட்டாமிக் இன்ட்64 வகைக்கு மாறினால் தீரும்.

துணைக் கேள்வி: அப்படியானால் ஒரு பை-யையே சொந்த ரன்னராக மாட்டிவிடலாமா?

தனியார் ரெப்போ என்றால் தாராளமாக. பொது ரெப்போ என்றால் வேண்டாம். ஃபோர்க்கிலிருந்து புல் ரிக்வெஸ்ட் அனுப்புகிற யாரும் உங்கள் நெட்வொர்க்குக்குள் கோடு ஓட்ட முடியும். மாட்டுவதானால் 'எஃபிமெரல்' கொடியுடன் பதிவு செய்யுங்கள், ஒரு ஜாப் முடிந்ததும் பதிவு கழன்றுவிடும். எஸ்டி கார்டில் டாக்கர் டேட்டாவை வைக்காமல் யுஎஸ்பி எஸ்எஸ்டி-க்கு மாற்றுங்கள். கன்டெய்னர் ரூட்டாக எழுதிவிட்டுப் போன ஃபைல்களால் அடுத்த செக்அவுட் "பெர்மிஷன் டினைடு" என்று நிற்கும். ஜாபின் கடைசியில், டெஸ்ட் விழுந்தாலும் ஓடும்படி, வொர்க்ஸ்பேஸைத் துடைக்கும் ஒரு ஸ்டெப் வையுங்கள்.