ரபாபும் ரபாபியும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற மாதம் குடும்பத்துடன் அமிர்தசரஸ் போயிருந்தோம். பொற்கோயிலான ஹர்மந்திர் சாஹிபில் விடியற்காலையில் கீர்த்தன், அதாவது சீக்கியப் பக்திப் பாடல், கேட்டோம். இரண்டு ஹார்மோனியம், ஒரு தபலா. உடன் வந்த பஞ்சாபி நண்பர், "இந்த ஹார்மோனியத்தை எடுத்துவிடச் சொல்லி, எங்கள் உச்ச மதபீடமான அகால் தக்த் உத்தரவு போட்டிருக்கிறது. வெள்ளைக்காரன் கொண்டுவந்தது என்று காரணம் சொல்கிறார்கள். இனி பழைய தந்தி வாத்தியங்கள்தான்" என்றார். எனக்கு இது வீண் தூய்மைவாதமாகப் படுகிறது. நூறு வருடத்துக்கு மேல் ஒலித்தது மரபாகாதா? நம் கச்சேரி வயலினும் வெள்ளைக்காரனுடையதுதானே? எது அசல் என்று தீர்மானிப்பது யார்? கடைத்தெருவில் ரபாப் என்ற தந்தி வாத்தியத்தைக் காட்டி, குரு நானக்குடன் நடந்த மர்தானா வாசித்தது இதுதான் என்றார்கள். அதை நம்பலாமா?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

கடைக்காரரிடமிருந்தே தொடங்கிவிடலாம். அங்கே விற்பது பெரும்பாலும் காபூல் ரபாப். குட்டையான கழுத்து, தோல் போர்த்திய குடம், முக்கியத் தந்திகளுக்குப் பக்கத்தில் தானாக அதிரும் உலோகத் துணைத்தந்திகள். அருமையான கருவிதான். ஆனால் மர்தானாவின் கையில் இருந்தது அது அல்ல, துருபத் என்ற பழைய இந்துஸ்தானி இசைமுறைக்காரர்கள் வாசித்த, நரம்புத் தந்தி கட்டிய வேறொரு ரபாப் என்று வாதிடுபவர்கள் சீக்கிய இசைக்காரர்களிடையிலேயே இருக்கிறார்கள். அவர்கள் பக்கம்தான் நியாயம் அதிகம் என்று நினைக்கிறேன். ஆக, ஹார்மோனியத்தை விரட்டி அசலை மீட்கப் புறப்பட்டவர்கள் பலரின் மடியில் இருப்பதும் ஆப்கானியக் கருவியே.

உங்கள் நண்பர் சொன்ன உத்தரவு 2022 மே மாதத்தில் வந்தது. அகால் தக்தின் அப்போதைய ஜதேதார், அதாவது தலைவர், கியானி ஹர்பிரீத் சிங், மூன்றாண்டுக்குள் ஹார்மோனியத்தைப் படிப்படியாக விலக்கும்படி, குருத்வாராக்களை நிர்வகிக்கும் சிரோமணி குருத்வாரா பிரபந்தக் கமிட்டியிடம் சொன்னார். அதற்குச் சொல்லப்பட்ட காரணங்கள் இரண்டு. ஒன்று பிறப்பிடம், மற்றது ராகம். இரண்டையும் சேர்த்துப் பேசுவதால்தான் குழப்பம்.

பிறப்பிட வாதத்தை நானும் ஒதுக்குகிறேன். ஐரோப்பியப் பாதிரிமார்களுடன் வந்தது காலால் மிதிக்கும் பெட்டி. தரையில் உட்கார்ந்து ஒரு கையால் துருத்தியை அசைத்து மறுகையால் வாசிக்கும் பெட்டியைக் கல்கத்தாவில் 1870களில் செய்து பரப்பியவர் துவாரகாநாத் கோஷ். அது 1901-02 வாக்கில் ஹர்மந்திர் சாஹிபுக்குள் வந்தது என்கிறார்கள். வெள்ளைக்காரன் திணித்தது என்று சொல்ல அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஹார்மோனிய எதிர்ப்பும் பஞ்சாபில் பிறந்ததல்ல. தாகூருக்கு அது ஆகாது. கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமியும் அதைச் சாடினார். அகில இந்திய வானொலி 1940-இல் அதற்குத் தடை போட்டது. 1971 வரை தடை முழுதாக நீடித்தது. அந்நியக் கருவி என்று அதை வெளியேற்றிய நிலையத்தை 1935 முதல் 1940 வரை நடத்திவந்தவர் லயோனல் ஃபீல்டன் என்ற ஆங்கிலேயர் என்பதை நினைத்தால் சிரிப்புதான் வருகிறது.

ராக வாதம் அப்படித் தள்ளக்கூடியதல்ல. வயலினைச் சொன்னீர்கள். வயலின் நம்மிடம் தங்கியது, கமகத்தை விரல் இழுத்த இழுப்புக்குக் கொடுப்பதால். ஹார்மோனியக் கட்டைக்கு அது முடியாது. ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்குத் தாவத்தான் தெரியும். சீக்கியர்களுக்கு இது வெறும் ரசனைப் பிரச்சினை அல்ல. 1604-இல் முதலில் தொகுக்கப்பட்ட அவர்களுடைய கிரந்தத்தின் பெரும்பகுதி ராகம் ராகமாக அடுக்கப்பட்டிருக்கிறது. ஸ்ரீ ராகத்தில் தொடங்கி ஜெய்ஜெயவந்தி வரை 31 ராகங்கள். பாடலுக்கு மேலே ராகத்தின் பெயர், 'கர்' என்று ஓர் எண்; பல்லவி வரிக்கு 'ரஹாவ்' என்று குறிப்பு. வாழும் குருவாக அவர்கள் வணங்கும் நூலே இந்த ராகத்தில் பாடு என்கிறது. ஆனால் ஸ்வரக் குறிப்பு ஒன்றும் கிடையாது. 'கர்' என்றால் என்ன என்பதிலேயே இன்றுவரை ஒருமித்த கருத்து இல்லை. எஞ்சிய எல்லாம் காது வழியாக வந்தாக வேண்டும்.

வில்லால் வாசிக்கும் தந்தி வாத்தியமான தில்ருபாவுடன் ஒருவர் பாடத் தயாராவதைப் பக்கத்தில் இருந்து பாருங்கள். முக்கியத் தந்திகளைச் சேர்ப்பார். பிறகு பத்துக்கும் மேற்பட்ட துணைத்தந்திகளை, அன்று எடுத்த ராகத்தின் ஸ்வரங்களுக்கு ஒவ்வொன்றாக முறுக்குவார். ராகம் மாறினால் திரும்பவும் முதலிலிருந்து. தபலாவுக்கு முன் இருந்த 'ஜோடி' என்ற இரட்டை முழவில், இடப்பக்க முழவுக்கு ஈர கோதுமை மாவைப் பிசைந்து அப்ப வேண்டும். காய்ந்தால் நாதம் போய்விடும். இவ்வளவு பாடுபடுகிறவர் சினிமா மெட்டில் ஒரு கிரந்தப் பாடலைப் பாடிவிட்டு எழுந்து போவது கடினம். ஹார்மோனியக்காரருக்கு அது வெகு சுலபம், நிறையப் பேர் அதைத்தான் செய்தார்கள்.

அந்தச் சுலபத்தைக் குற்றமாக மட்டும் பார்க்கவும் எனக்கு மனமில்லை. சத்தா, பல்வந்த் என்ற இரு ரபாபிகளின், அதாவது ரபாப் மீட்டிப் பாடும் தொழில்முறைப் பாடகர்களின், கதை சீக்கிய மரபில் உண்டு. கூலித் தகராறில் அவர்கள் பாட மறுத்தபோது, இனி நீங்களே பாடுங்கள் என்று குரு அர்ஜன் சாதாரண மக்களிடம் சொன்னதாகக் கதை. தொழில்முறைப் பாடகரிடமிருந்து சங்கத்தின், அதாவது கூடியிருக்கும் பக்தர்களின், வாய்க்குக் கீர்த்தன் இறங்கிவந்ததை அது சொல்கிறது. லண்டனின் சவுத்தாலிலும் கனடாவின் வான்கூவரிலும் ஞாயிற்றுக்கிழமை குருத்வாராவில் ஒரு பள்ளிச் சிறுமி ஹார்மோனியத்தை வைத்துக்கொண்டு பாடுகிறாள் என்றால், அவள் நிற்பதும் அந்த வழியில்தான்.

அந்தச் சத்தாவும் பல்வந்தும் முஸ்லிம்கள். பிறகு மன்னிப்புக் கேட்டு அவர்கள் பாடிய 'வார்' என்ற புகழ்ப்பாடல் ராம்கலி ராகத்தின் கீழ் கிரந்தத்துக்குள்ளேயே இருக்கிறது. சூஃபி ஞானி ஷேக் ஃபரீதின் பாடல்களும் அதில் இருக்கின்றன. மர்தானா தல்வண்டியைச் சேர்ந்த முஸ்லிம் மிராசி, அதாவது பரம்பரை இசைக்காரர். "மர்தானா, ரபாபை மீட்டு, பாணி (இறைவாக்கு) வருகிறது" என்று நானக் சொல்வதாக, அவர் வாழ்வைச் சொல்லும் ஜனம்சாகிக் கதைகளில் வரும். மர்தானாவின் வழியில் வந்தவர்கள் என்று தங்களைச் சொல்லிக்கொண்ட ரபாபி குடும்பங்கள் 1947 வரை ஹர்மந்திர் சாஹிபில் பாடின. பாய் சாந்த், பாய் லால் போன்றோர் அந்தக் காலத்துப் பெரிய பெயர்கள். பிரிவினையில் அவர்கள் லாகூர்ப் பக்கம் ஓட வேண்டியதாயிற்று. அங்கே கேட்கச் சங்கத் இல்லை. பலர் வேறு பிழைப்புக்குப் போனார்கள். கிரந்தம் சொல்லாமல் விட்ட ஸ்வரங்களைக் காதில் வைத்திருந்தவர்களில் கணிசமானோர் இவர்கள்தாம்.

இவர்கள் திரும்பி வந்து பாடலாமா என்றால், கூடாது. சங்கத்தில் சீக்கியர் மட்டுமே கீர்த்தன் பாடலாம் என்கிறது ரெஹத் மரியாதா. அந்த நடைமுறை நூலைக் கமிட்டி ஏற்றது 1945-இல். ஹார்மோனியம் கோயிலுக்குள் வந்து நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு! வயதுதான் அளவுகோல் என்றால், வெளியே போக வேண்டிய வரிசையில் இந்த விதி அல்லவா முந்தி நிற்க வேண்டும்?

விதி எழுதியவர்களின் நிலைமையும் எனக்குப் புரிகிறது. குருத்வாராக்களைப் பரம்பரையாகக் கையில் வைத்திருந்த மகந்துகளிடமிருந்து மீட்க 1920 முதல் 1925 வரை அகாலிகள் போராடினார்கள். 1921-இல் நன்கானா சாஹிபில் ரத்தம் ஓடியது. அதன்பின் எல்லைக்கோடு போட்டுக்கொள்ளத் தோன்றுவது இயல்பு. ஆனால் கோடு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி விழவில்லை. பெண்கள் பாடக் கூடாது என்று ரெஹத் மரியாதாவில் ஒரு வரியும் இல்லை. இருந்தும் ஹர்மந்திர் சாஹிபின் கருவறையில் அவர்களுக்கு இடம் தரப்படவில்லை. அனுமதிக்கச் சொல்லி 2019 நவம்பரில் பஞ்சாப் சட்டமன்றமே தீர்மானம் போட்டுப் பார்த்தது. முஸ்லிம் ரபாபியிடம் விதியைக் காட்டுகிறார்கள். விதி தடுக்காத பெண்ணிடம் வழக்கத்தைக் காட்டுகிறார்கள்.

எனவே தந்தி வாத்தியங்கள் வரட்டும், அதில் நான் உங்களுக்கு எதிர்ப்பக்கம். ஹர்மந்திர் சாஹிப் போன்ற இடத்தில் ராகத்தைக் கறாராகப் பேணுவது நியாயம். கிராமத்துக் குருத்வாராவின் பெட்டியில் யாரும் கைவைக்காமல் இருந்தால் போதும். ஆனால் ரபாபை மட்டும் உள்ளே கொண்டுவந்துவிட்டு மரபு மீண்டுவிட்டது என்று சொன்னால் நான் ஒப்பமாட்டேன்.

தீர்மானிப்பது யார் என்றும் கேட்டிருந்தீர்கள். கொள்கைப்படி குரு பந்த், அதாவது ஒட்டுமொத்தச் சமூகம். நடைமுறையில், 1925 சட்டப்படி வாக்கெடுப்பில் அமையும் அந்தக் கமிட்டி. பெண்களுக்கும் அப்போதே வாக்கு கொடுத்த சட்டம் அது. ஆனால் கமிட்டிக்குக் கடைசியாகப் பொதுத்தேர்தல் நடந்தது 2011-இல். சவுத்தால்காரருக்கும் வான்கூவர்காரருக்கும் அதில் வாக்கே கிடையாது. உங்கள் பஞ்சாபி நண்பர் வாக்காளராகப் பதிந்திருக்கிறாரா என்று அடுத்த முறை விசாரியுங்கள்.

அன்புடன்