முதல் ஆண்டுக் கூட்டம் – ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் கோத்தகிரிப் பக்கம் ஒரு சிறிய மருத்துவமனையில் பணிபுரிகிறேன். நீலகிரியின் ஆறு வட்டங்களிலும் வேலை பார்க்கும் மருத்துவர்கள் சேர்ந்து சென்ற ஆண்டு ஒரு சங்கத்தைப் பதிவு செய்தோம். உறுப்பினர்கள் அறுபதைத் தாண்டிவிட்டார்கள். முதல் ஆண்டுக் கூட்டத்தை நடத்தும் பொறுப்பு, செயலாளர் என்ற முறையில் என் தலையில் விழுந்திருக்கிறது. மே மாதத்தில், ஊட்டியில் ஒரு பெரிய ஓட்டலில், இரண்டு நாட்கள் நடத்தலாம் என்று செயற்குழுவில் பெரும்பாலோர் விரும்புகிறார்கள். சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் எட்டு நிபுணர்கள், தொடக்க விழாவுக்கு ஒரு முக்கிய விருந்தினர், செலவுக்கு மருந்து நிறுவனங்கள் என்பது திட்டம். எனக்கு ஏதோ உறுத்துகிறது. ஆனால் மறுத்துப் பேசக் காரணங்களைக் கோவையாகச் சொல்லத் தெரியவில்லை. நீங்கள் இத்தகைய கூட்டங்களை நடத்தியவர் என்பதால் எழுதுகிறேன். பெயரை வெளியிட வேண்டாம்.

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள டாக்டர்,

உங்கள் உறுத்தல் நியாயமானது. அது ஏன் என்று சொல்லுமுன் நான் நடத்திய ஒரு கூட்டத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அங்கே நடந்த தவற்றில் பாதி என்னுடையது. பல ஆண்டுகளுக்கு முன், இப்போது இல்லாமல் போய்விட்ட ஒரு மருத்துவர் அமைப்புக்கு நான் செயலாளராக இருந்தேன். நாங்களும் முதல் கூட்டத்தை மே மாதத்தில்தான், ஓட்டலில்தான் வைத்தோம். தலைமை விருந்தினர் மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறிவரும்போது பர்லியாறுக்குக் கீழே வாகன நெரிசலில் சிக்கிக்கொண்டார். அவர் வராமல் குத்துவிளக்கு ஏற்றக் கூடாது என்று முடிவு செய்து ஒன்றரை மணி நேரம் அத்தனை பேரும் காத்திருந்தோம். பிறகு பொன்னாடைகள், நினைவுப் பரிசுகள், வாழ்த்துரைகள். பந்தலூர்ப் பக்கமிருந்து விடியுமுன் புறப்பட்டு வந்திருந்த ஓர் இளம் மருத்துவருக்கு 20 நிமிடம் ஒதுக்கியிருந்தோம். மிஞ்சியது 4 நிமிடம். சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்துவிடும் பரம்பரை நோயான அரிவாளணுச் சோகை உள்ள ஒரு கர்ப்பிணியை, இரத்த வங்கி இல்லாத இடத்தில், எப்படிக் கரைசேர்த்தார்கள் என்பதைத்தான் அவர் சொல்ல வந்திருந்தார். நான்காவது நிமிடத்தில் மணியை அடித்தவன் நான். பொதுக்குழுவை மாலைத் தேநீரோடு சேர்த்துப் பத்து நிமிடத்தில் முடித்தோம். கணக்கு வாசிக்கப்பட்டதாகக் கருதி ஏற்கப்பட்டது. அந்த மருத்துவர் அடுத்த ஆண்டு வரவில்லை. அதற்கடுத்த ஆண்டு பெரும்பாலோர் வரவில்லை.

ஒரு சங்கத்தில் முதல் ஆண்டு தற்செயலாகச் செய்தது இரண்டாம் ஆண்டில் வழக்கமாகிறது, ஐந்தாம் ஆண்டில் யாராலும் மாற்ற முடியாத மரபாகிறது. முதல் கூட்டத்தில் பொன்னாடை போர்த்தினால் இருபதாவது கூட்டத்திலும் போர்த்தியாக வேண்டும், இல்லாவிட்டால் யாரோ ஒருவர் அவமதிக்கப்பட்டதாகிவிடும். எனவே செயற்குழுவிடம் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி, இந்தக் கூட்டத்தை எவ்வளவு சிறப்பாக நடத்தலாம் என்பதல்ல. இதில் எதையெல்லாம் ஆண்டுதோறும் செய்ய நம்மால் முடியும், செய்ய விரும்புகிறோம் என்பதுதான்.

உங்களைப் போன்ற ஒரு சங்கத்தின் கதை நினைவுக்கு வருகிறது. 1832 ஜூலை 19 அன்று இங்கிலாந்தின் வூஸ்டர் நகர மருத்துவமனையில் சார்லஸ் ஹேஸ்டிங்ஸ் என்ற மருத்துவர் சுமார் ஐம்பது பேரைக் கூட்டி, லண்டனுக்கு வெளியே தொழில் செய்யும் மருத்துவர்களுக்கென்று ஒரு சங்கம் தொடங்கினார். தத்தம் பகுதியின் நிலம், தட்பவெப்பம், நோய்கள் ஆகியவற்றைப் பதிவு செய்வது அதன் நோக்கங்களில் ஒன்று. முதல் ஆண்டுக் கூட்டத்தைத் தலைநகரில் அல்லாமல் பிரிஸ்டலில் நடத்தினார்கள். பிறகும் ஊர் ஊராகச் சென்றார்கள். 1850களில் அதுவே பிரிட்டிஷ் மெடிக்கல் அசோசியேஷன் என்று பெயர் மாறியது. நமக்கு இதில் ஒரு தொடர்பும் உண்டு. நீலகிரிப் பழங்குடியினரிடம் அரிவாளணு இருப்பதை லேமன், கட்புஷ் என்ற இரு ஆய்வாளர்கள் 1952இல் முதன்முதலாக எழுதியது அந்தச் சங்கத்தின் இதழில்தான். மருத்துவ உலகம் நம் மலையை உற்றுப் பார்த்த தருணங்களில் அது ஒன்று. பார்த்துச் சொன்னவர்கள் வெளியிலிருந்து வந்தவர்கள். இந்நோயை 2047க்குள் ஒழிப்பதாக 2023 ஜூலையில் தேசிய இயக்கம் ஒன்றும் தொடங்கப்பட்டாயிற்று. பணியரும் இருளரும் குறும்பரும் படுத்திருக்கும் வார்டுகளில் அன்றாடம் நிற்கும் மருத்துவர்கள் தாங்கள் கண்டதைத் தாங்களே சொல்லும் ஓர் அவை இன்னும் வேண்டியிருக்கிறது.

ஆகவே என் யோசனை, முதல் கூட்டத்தைக் கூடலூரில் வையுங்கள். ஊட்டியில் வைத்தால் ஊட்டியும் குன்னூரும் வரும். கூடலூரும் பந்தலூரும் ‘இது நமக்கானதல்ல’ என்று எப்போதும்போல் எண்ணிக்கொள்ளும். நடுவட்டம் வழியாக ஐம்பது கிலோமீட்டர் இறங்கிப்போவதில் மேட்டுநிலத்து மருத்துவர்களுக்கு இருக்கும் சலிப்பை, ஏறிவரும் கூடலூர்க்காரர்கள் இத்தனை ஆண்டுகளாக யாரிடமும் சொல்லாமல் சுமந்துகொண்டிருக்கிறார்கள். அடுத்த ஆண்டு கோத்தகிரி, அதற்கடுத்து குந்தா என்று சுற்றி வரட்டும். ஓட்டல் வேண்டாம். ஒரு பள்ளிக்கூட அரங்கோ திருமண மண்டபமோ போதும்.

மாதத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மே மாதம் கூடாது என்பதற்கு நெரிசல் மட்டும் காரணமல்ல. குன்னூர் வழியாக ஏற்றம், கோத்தகிரி வழியாக இறக்கம் என்று ஒருவழிப் பாதையாக்கியிருக்கும் நாட்களில் மருத்துவமனைகளுக்கும் வேலை கூடுதல். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழை கூடலூர், பந்தலூர், தேவாலா பக்கத்தை விடாது. அக்டோபர் பிறந்தால் வடகிழக்குப் பருவமழை கிழக்குச் சரிவில் இறங்கும். 2009 நவம்பரின் நிலச்சரிவுகளைக் குன்னூர், கோத்தகிரிக்காரர்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை. இரண்டு மழைக்கும் இடையே கிடைக்கும் இடைவெளி செப்டம்பர் பிற்பாதிதான். இரண்டாம் சீசனின் சுற்றுலா நெரிசல் ஊட்டியில் இருக்கும், ஆனால் மே மாதத்தைப்போல் மூச்சு முட்டாது. சட்டத்துக்கும் இது பொருந்தும். 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி, மார்ச்சில் முடியும் நிதியாண்டின் தணிக்கை செய்த கணக்கு அடுத்த ஆறு மாதங்களுக்குள் பதிவாளரிடம் போய்ச் சேர வேண்டும். மே மாதத்தில் கூடினால் தணிக்கை முடியாத கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பீர்கள்.

இரண்டு நாட்கள் என்பதை ஒரு ஞாயிற்றுக்கிழமையாகக் குறைத்துவிடுங்கள். ஒரு வட்டத்தின் மருத்துவர்கள் அனைவரும் மண்டபத்தில் உட்கார்ந்திருந்தால் பிரசவ வலியோடு வருபவரை யார் பார்ப்பது? அழைப்பிதழ் அச்சிடுமுன் ட்யூட்டிப் பட்டியலைத் தயாரியுங்கள். ஒவ்வொரு மருத்துவமனையிலும் யார் வருவார், யார் இருப்பார் என்பது எழுத்தில் இருக்கட்டும். இந்த ஆண்டு இருந்தவர் அடுத்த ஆண்டு வருவார் என்றும் அதிலேயே குறித்துவிடுங்கள். நன்றியுரையில் வந்தவர்களின் பெயர்களை வாசிப்பது வீண். வராமல் வார்டில் நின்றவர்களின் பெயர்களை வாசியுங்கள்.

எட்டு நிபுணர்களில் ஒருவரை வைத்துக்கொள்ளலாம், அவரையும் கேட்பதற்காக அழைக்கலாம். நான் நகைச்சுவைக்காகச் சொல்லவில்லை. பாம்புக்கடியை எடுத்துக்கொள்ளுங்கள். சமவெளியிலிருந்து வருபவர் நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கையும், அந்த நான்குக்கும் எதிராகத் தயாரிக்கப்படும் நம் நச்சுமுறி மருந்தையும் பற்றி மிக நன்றாகப் பேசுவார். தேயிலைக்கும் காப்பிக்கும் இடையே வேலை செய்யும் பெண்ணைக் கடித்தது மூக்கு மேல்நோக்கி வளைந்த குழிவிரியனாக இருந்தால் அந்த மருந்து பயன்படாது. சிறுநீரகம் பழுதாகிறதா என்று நாட்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இதைக் கையாண்டு பழகியவர் உங்கள் உறுப்பினர்களுக்குள்ளேயே இருப்பார், ஆனால் அவரை இதுவரை யாரும் மேடையேற்றியிருக்க மாட்டார்கள். அவருக்கு அரை மணி நேரம் கொடுங்கள், அதில் பாதி கேள்விகளுக்கு. தோற்றுப்போன நோயாளிக் கதை ஒன்றாவது நிகழ்ச்சியில் இருக்க வேண்டும். அதைத் தலைவரே சொன்னால் இளையவர்களுக்கு வாய் திறக்கும். செவிலியர்களையும் ஆய்வக நுட்பர்களையும் பின்வரிசையில் உட்காரவைக்காமல் பேசவிடுங்கள். விவாதம் தமிழில் நடக்கட்டும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. பெயரை மறைத்துவிட்டால் நோயாளியின் அந்தரங்கம் காக்கப்பட்டதாக நகரத்தில் சொல்லலாம். இங்கே ஒரு தோடர் மந்தின், அதாவது அவர்களின் சிறு குடியிருப்பின், பெயரையும் வயதையும் நோயையும் சொன்னால் அதுவே முகவரி. மண்டபத்தில் பாதிப் பேருக்கு ஆள் யாரென்று தெரிந்துவிடும். அரிவாளணு போன்ற பரம்பரைக் குறையில் அது ஒரு பெண்ணின் திருமணப் பேச்சு வரைக்கும் போகும். எனவே ஊரை நீக்குங்கள், தேவையில்லாத இடத்தில் இனத்தையும் நீக்குங்கள், படத்தில் முகம் வேண்டாம், சம்பந்தப்பட்டவரிடம் முன்கூட்டியே அவர் மொழியில் விளக்கி ஒப்புதல் பெறுங்கள். இதையும் முதல் ஆண்டிலேயே விதியாக்கிவிட்டால் பிறகு யாரிடமும் மன்றாட வேண்டியிருக்காது.

பணத்தைப் பற்றிச் செயற்குழுவில் சொல்ல உங்களுக்கு வலுவான காரணம் இருக்கிறது. 2024 மார்ச்சில் ஒன்றிய அரசு வெளியிட்ட மருந்து விற்பனை நெறிமுறையின்படி, பேச்சாளராக வருபவர் தவிர மற்ற மருத்துவர்களுக்கோ அவர்கள் குடும்பத்துக்கோ நிறுவனங்கள் பயணச் செலவைக் கொடுக்கக் கூடாது. குடும்பத்தோடு ஊட்டியில் இரண்டு நாள் என்ற கனவு அங்கேயே முடிந்துவிடுகிறது. ஒருவேளைச் சாப்பாடு, இரண்டு தேநீர், மண்டப வாடகை, ஒலிபெருக்கி ஆகியவற்றை உறுப்பினர் கட்டணத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். தண்ணீர்ப் பாட்டில் வாங்கிவிடாதீர்கள், மாவட்டத்தில் தடை. எவர்சில்வர் தம்ளர் போதும். மருத்துவ மன்றத்தின் தொடர்கல்வி மணிநேரங்களுக்கு முன்னதாகவே விண்ணப்பித்துவிடுங்கள், ஐந்தாண்டுக்கு 30 மணி என்ற கணக்கில் இதுவும் சேர்ந்தால் தயங்குபவர்களில் சிலராவது வருவார்கள். வெளியூர்ப் பேச்சாளரின் வண்டி மாவட்டத்துக்குள் வருவதற்கான இ-பாஸை நீங்களே எடுத்து அனுப்புங்கள்.

கடைசியாகப் பொதுக்குழு. அதைக் காலை பத்து மணிக்கு, எல்லோரும் விழித்திருக்கும்போது, முதல் நிகழ்ச்சியாக வையுங்கள். தொடக்க விழாவே வேண்டாம், பொதுக்குழுதான் தொடக்கம். கணக்கின் நகலை அறிவிப்போடு முன்பே அனுப்பிவிட்டு, அங்கே கேள்விகளுக்கு மட்டும் நேரம் கொடுங்கள். பொறுப்பில் ஒருவர் தொடர்ந்து எத்தனை ஆண்டுகள் இருக்கலாம் என்பதை இப்போதே தீர்மானியுங்கள், ஏனெனில் இப்போது யாருக்கும் நாற்காலி பழகியிருக்காது. நானெல்லாம் ஆறு ஆண்டுகள் செயலாளராக இருந்தேன். மூன்றில் இறங்கியிருந்தால் யாராவது ஒருவர் அந்த மணியை வேறுவிதமாக அடித்திருப்பார். குறைவெண் (கோரம்) எட்டியதா என்று எண்ணிப் பாருங்கள், தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்துகளை அங்கேயே வாங்கிவிடுங்கள். வீட்டுக்குப் போய் எழுதும் நடவடிக்கைக் குறிப்பில் நடக்காதவையும் நடந்துவிடும்.

செயற்குழு இவற்றில் பாதியைத்தான் ஏற்கும் என்று நினைக்கிறேன். பேரம் பேச வேண்டியிருந்தால் பொன்னாடையை விட்டுக்கொடுங்கள், பொதுக்குழுவின் நேரத்தையும் கூடலூரையும் விட்டுக்கொடுக்காதீர்கள். தேதி முடிவானதும் எனக்கும் ஓர் அறிவிப்பு அனுப்புங்கள். குன்னூரிலிருந்து காலைப் பேருந்தில் புறப்பட்டால் பத்து மணிக்கு வந்து சேர முடியாது, முதல்நாளே வந்துவிடுகிறேன். தங்க உறவினர் வீடு இருக்கிறது, அறை எதுவும் போட வேண்டாம்.

அன்புடன்.