ஆலோசகர் என்ற சொல்லுக்கு என்ன பொருள்? அறிவுரை சொல்பவரும் அவரும் ஒருவர்தானா?

இருவரும் ஒருவரல்லர் என்பதே என் பதில். அறிவுரை என்பது வயதிலோ அனுபவத்திலோ மூத்தவர், கேட்டாலும் கேட்காவிட்டாலும் எல்லோருக்கும் பொதுவாகச் சொல்வது. ஆலோசனை அப்படியன்று, ஒருவர் தம் நிலைமையை எடுத்துவைத்துக் கேட்ட பிறகு, அவருடைய நிலைமைக்கு மட்டுமே பொருந்தச் சொல்லப்படுவது.

ஆலோசனை வடமொழிச் சொல். பார்த்தல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்தது. கண்ணைக் குறிக்கும் லோசனம் என்ற சொல்லும் அதே வேரைச் சேர்ந்ததுதான். தமிழில் இதற்கு நெருக்கமான பழைய சொல் சூழ்தல், அதாவது ஒன்றை எல்லாப் பக்கமும் சுற்றிவந்து எண்ணிப் பார்த்தல். சூழ்வாரையே கண்ணாகக் கொண்டு மன்னன் நடப்பதால், அத்தகையவரை ஆராய்ந்து தேர்ந்துகொள்ள வேண்டும் என்கிறது 445ஆம் குறள். வெவ்வேறு வேர்களையுடைய இரண்டு சொற்களும் கண்ணிடமே வந்து சேர்வதை எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்பாக இருக்கிறது. 671ஆம் குறளில் ஆராய்ந்து எண்ணுதலைக் குறிக்கும் சூழ்ச்சி என்ற சொல், இன்று சதி என்ற பொருளில் மட்டுமே வழங்குகிறது. அந்த நல்ல சொல் தாழ்ந்துபோனதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆலோசகர் என்ற சொல்லும் அதே வழியில் போய்க்கொண்டிருக்கிறதோ என்ற கவலையும் உண்டு.

பல்லடம் பக்கத்தில், ஜவுளி உற்பத்தியாளர்களிடம் பாவும் (நீளவாக்கு நூல்) ஊடை நூலும் (குறுக்கு நூல்) வாங்கிக் கூலிக்கு நெய்து கொடுக்கும் சிறிய விசைத்தறிக்கூடம் எங்களுடையது. பழைய தறிகளை விற்றுவிட்டு, கடன் வாங்கி நாடா இல்லாத் தறிகள், அதாவது ஊடை நூலைக் கொண்டு ஓடும் நாடா இல்லாமலே நெய்யும் புதுவகைத் தறிகள், போடலாமா என்று சென்ற ஆண்டு எண்ணிக்கொண்டிருந்தபோது, தொழில் ஆலோசகர் என்ற அட்டையோடு ஒருவர் வந்தார். எங்கள் கணக்கு நோட்டைத் திறந்துகூடப் பார்க்காமல், இப்போது வாங்காவிட்டால் பின்தங்கிவிடுவீர்கள் என்று அரைமணி நேரம் பேசினார். இயந்திரம் விற்பவரிடமிருந்து அவருக்குத் தறிக்கு இவ்வளவு என்று கமிஷன் உண்டு என்பது பிறகுதான் தெரிந்தது.

அதே வாரம் என் தாய்மாமனிடம் போனேன். நாற்பது ஆண்டுகள் தறி ஓட்டியவர். வாங்கு என்றோ வேண்டாம் என்றோ அவர் சொல்லவில்லை. நோட்டை வாங்கி வைத்துக்கொண்டு கேள்விகளாகவே கேட்டார். தவணை மாதம் எவ்வளவு வரும், இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைக்கும் 1000 யூனிட் மின்சாரத்துக்கு மேல் எவ்வளவு ஓடும், புதுத் தறியைப் பழுது பார்க்க ஆள் எங்கிருந்து வரவேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுவிட்டு, கடைசியில், "மாப்பிள்ளை, மூணு மாசம் பாவு வரலீனா தவணைய எதுல இருந்து கட்டுவீங்க?" என்றார். கூலி உயர்வு கேட்டு வாரக்கணக்கில் தறிகள் நிற்பதைப் பலமுறை கண்ட பகுதி இது. இருந்தும் அந்தக் கேள்வி எனக்குத் தோன்றியிருக்கவில்லை. முடிவை என்னிடமே விட்டுவிட்டார். நான்கு தறிகளுக்குப் போட்டிருந்த திட்டத்தை இரண்டாகக் குறைத்தது நான்தான்.

மன்னன் அறிவுடையோர் சொல்லைத் தள்ளினாலும், தானும் அறியாதவனாக இருந்தாலும், அவனுக்கு உறுதியானதைச் சொல்வது அமைச்சனின் கடமை என்கிறது 638ஆம் குறள். அமைச்சனை அது உழையிருந்தான், அதாவது அருகில் இருப்பவன் என்று குறிப்பிடுகிறது. அருகில் இருந்து பார்த்து, பார்த்ததை மறைக்காமல் சொல்வதோடு அவன் பொறுப்பு முடிகிறது. நடக்க வேண்டியவன் மன்னன்.

யாருடைய பணம் வாங்கிக்கொண்டு ஒருவர் பார்க்கிறார் என்பதும் இதில் அடங்கும். முதலீட்டுத் துறையில் இதைச் சட்டமே கவனித்திருக்கிறது. பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபி 2013இல் முதலீட்டு ஆலோசகர்களுக்கென விதிகளைக் கொண்டுவந்தது. 2020இல் செய்த திருத்தத்தில், பரஸ்பர நிதித் திட்டங்களை விற்றுக் கமிஷன் பெறும் முகவர்கள், ஆலோசகராகப் பதிவு பெறாமல் தங்களை நிதி ஆலோசகர் என்று அழைத்துக்கொள்வதைத் தடுத்தது. தறிக்கோ நிலத்துக்கோ ஆழ்துளைக் கிணற்றுக்கோ யோசனை சொல்ல வருபவர் எவரும் அந்த விதிகளின்கீழ் வருவதில்லை. ஆகையால் அவர்களிடம், "உங்களுக்கு இதில் பணம் தருவது யார்?" என்பதை நாமேதான் கேட்டாக வேண்டும், அட்டையோடு வந்தவரிடம் நான் அதைக் கேட்கவில்லை.