குழாய்களுக்கென்று ஒரு தளம்

கேள்வி: ஆய்வகக் கட்டடங்கள் கருவிகளைப் போலவே விரைவில் பழையதாகிவிடும் என்பார்கள். ஆனால் கலிபோர்னியாவின் லா ஹோயாவில் 1965-இல் கட்டி முடிக்கப்பட்ட சால்க் ஆய்வு நிறுவனத்தில் இன்றும் உயிரியல் ஆய்வு நடக்கிறது. அழகைத் தவிர இதற்கு வேறு காரணம் உண்டா?

பதில்: உண்டு. அந்தக் காரணம் புகைப்படங்களில் தெரிவதில்லை என்பதால்தான் அதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

போலியோ தடுப்பூசியை உருவாக்கிய ஜோனாஸ் சால்க், கட்டடக் கலைஞர் லூயி கானிடம் இந்தப் பணியை ஒப்படைத்தபோது, கான் ஏற்கெனவே பிலடெல்ஃபியாவில் ரிச்சர்ட்ஸ் மருத்துவ ஆய்வகத்தை வடிவமைத்திருந்தார். கட்டடக் கலை உலகம் பெரிதும் பாராட்டிய அந்தக் கட்டடத்தில் வேலை செய்த விஞ்ஞானிகளோ, கண்ணைக் கூசவைக்கும் வெயிலையும், உத்தரங்களுக்கிடையே திறந்தபடி ஓடிய குழாய்களில் படியும் தூசியையும் குறித்து வருந்தினார்கள். அந்தக் குறைகளிலிருந்து கான் பாடம் கற்றார் என்பதே அவர்மீது எனக்குள்ள மதிப்புக்கு முதற்காரணம்.

சால்க் கட்டடத்தில் முற்றத்தின் இருபுறமும் ஒன்றையொன்று பிரதிபலிக்கும் இரு தொகுதிகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் மூன்று ஆய்வகத் தளங்கள். ஒவ்வோர் ஆய்வகத் தளத்துக்கும் மேலே, குழாய்களுக்கும் காற்றுப் போக்கிகளுக்கும் மின்கம்பிகளுக்கும் மட்டுமே உரிய முழுத் தளம் ஒன்று. பொறியாளர் ஆகஸ்ட் கோமெண்டன்ட், சாய்வுக் கம்பங்கள் இல்லாத, ஏணியைப் படுக்க வைத்தாற்போன்ற வியரண்டீல் சட்டகங்களைச் சுமார் 9 அடி உயரத்தில் அமைத்ததால், அவற்றின் இடைவெளிகளுக்குள் பணியாளர் நிமிர்ந்தே நடந்து போகலாம். கீழே ஏறத்தாழ 245 அடி நீளமும் 65 அடி அகலமும் கொண்ட ஆய்வகக் கூடத்தின் நடுவில் ஒரு தூண்கூட இல்லை. ஒரு விஞ்ஞானிக்கு நாளை புதிய வாயுக் குழாய் தேவைப்பட்டால், மேல்தளத்தில் வேலையை முடித்துக் கூரைத் துளை வழியாக இறக்கிவிடலாம்; கீழே நடக்கும் சோதனையைக் கலைக்க வேண்டியதில்லை. தடுப்புச் சுவர்களையும் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். அடுத்த தலைமுறையின் ஆய்வு எப்படி இருக்கும் என்பதைக் கான் ஊகிக்க முயலவில்லை. அது எப்படி மாறினாலும் இடம் கொடுக்கும் கூடத்தையே கட்டினார். நிலமட்டத்துக்குக் கீழே உள்ள ஆய்வகங்களுக்கும் பகல் வெளிச்சம் கிடைக்கும்படி பக்கங்களில் ஆழமான ஒளிமுற்றங்களைத் தோண்டியதும் அதே கரிசனத்தால்தான்.

விஞ்ஞானிகளின் தனியறைகளைக் கூடத்திலிருந்து பிரித்து, முற்றத்தை ஒட்டிய கோபுரங்களில் வைத்தார். சன்னல்கள் சாய்வாகத் திரும்பிப் பசிபிக் கடலைப் பார்க்கின்றன. கருவிகளின் இரைச்சலை விட்டுச் சில அடிகள் நடந்து போய்ச் சிந்திப்பதற்கென்று ஓர் அறை இருக்க வேண்டும் என்ற அக்கறை இன்றைய அலுவலகக் கட்டடங்களில் அரிதாகிவிட்டது. அது எனக்கு மெய்யாகவே வருத்தம் தருகிறது.

கேள்வி: அந்த நடுமுற்றத்தில் ஒரு மரம்கூட இல்லையே, ஏன்?

பதில்: கான் முதலில் அங்கே தோட்டம் அமைக்கவே எண்ணியிருந்தார். அவர் அழைத்துவந்த மெக்சிகோ கட்டடக் கலைஞர் லூயிஸ் பராகான், மரமும் வேண்டாம், புல்லும் வேண்டாம், கல் பாவிய வெளியாக விட்டால் அது வானத்தை நோக்கிய முகப்பாகும் என்றார். கானும் சால்க்கும் அதை ஏற்றனர். டிராவர்டைன் கல் தரையின் நடுவே கடலை நோக்கி ஓடும் மெல்லிய நீர்க்கோடு மட்டுமே இருக்கிறது.

கேள்வி: கடற்காற்றில் மரச் சன்னல்கள் எப்படித் தாக்குப்பிடித்தன?

பதில்: முழுமையாகத் தாக்குப்பிடிக்கவில்லை. தேக்குச் சட்டங்களில் பூஞ்சை படர்ந்து கருத்தது. சில இடங்களில் பூச்சிகளும் அரித்தன. கலைப்பொருள்களையும் பழைய கட்டடங்களையும் பாதுகாக்கும் கெட்டி (Getty) நிறுவனத்தின் துணையோடு நடந்த சீரமைப்பு 2017-இல் முடிந்தது. எல்லாவற்றையும் பெயர்த்தெடுத்துப் புதிதாக்காமல், ஒவ்வொரு சன்னலின் நிலையையும் ஆராய்ந்து, காப்பாற்ற முடிந்த பழைய தேக்கைச் சுத்தம் செய்து அங்கேயே வைத்தார்கள்; மீட்க முடியாதவற்றை மட்டுமே மாற்றினார்கள்.