மாடியில் ஒரு மீன்முள்

கேள்வி: தாய்லாந்து டிவியில் 24-ம் எண்ணில் வரும் ட்ரூ ஃபோர் யூ பொழுதுபோக்குக்கும் விளையாட்டுக்குமான சேனல் என்கிறார்கள். ஆனால் 2022 கால்பந்து உலகக் கோப்பை நேரத்தில் என் இணையப் பெட்டியில் திரை கறுத்துப்போனது. மாதாமாதம் பணம் கட்டும் எனக்கு இல்லாத ஆட்டம், பக்கத்து வீட்டு ஆன்டெனாவில் ஓசியில் ஓடியது. விளையாட்டுச் சேனல் என்று பெயர் எதற்கு? (ஒரு வாசகர், சீலோம், பாங்காக்)

பதில்: ஓசி என்று யார் சொன்னது? அந்தச் சேனலின் உரிமத்துக்கு மட்டும் 231.5 கோடி பாட் (தாய்லாந்து நாணயம்) கட்டியிருக்கிறார்கள். 2013 டிசம்பரில் தாய்லாந்து ஒளிபரப்பு ஆணையம் 24 டிஜிட்டல் உரிமங்களை ஏலம் விட்டது. இந்தச் சேனலின் உரிம வகைக்கு அடிப்படை விலை 38 கோடிதான். போட்டி போட்டு ஆறு மடங்காக ஏற்றினார்கள். மொத்த ஏலமும் 1,519 கோடியில் தொடங்கி 5,086 கோடியில் நின்றது. போட்ட பணம் எடுக்க முடியாமல் 2015-ல் இரண்டு சேனல்கள், 2019-ல் ஏழு சேனல்கள் மூடிக்கொண்டன.

அந்த உரிமங்களில் விளையாட்டு என்று ஒரு வகையே கிடையாது. ஹெச்டி பொது, எஸ்டி பொது, செய்தி, குழந்தைகள் என்று நான்குதான். 24-ம் எண் எஸ்டி பொது, அதாவது துல்லியம் குறைந்த படம். பெரிய டிவியில் பந்து பஞ்சுருண்டை போலத் தெரிந்தால் டிவியைத் திட்டாதீர்கள். துல்லியம் வேண்டுமென்றால் 30 முதல் 36 வரை உள்ள ஹெச்டி எண்களுக்குப் போங்கள். விளையாட்டை நம்பியிருக்கும் பிபிடிவி அங்கே 36-ல் இருக்கிறது.

லீக் ஆட்டங்களை இலவச டிவியில் முழுசாக எதிர்பார்ப்பது உங்கள் தவறு. 2017 முதல் 2020 வரை தாய்லாந்து கால்பந்து லீக் உரிமைக்கு, சந்தா டிவியான ட்ரூவிஷன்ஸ் பேசிய தொகை 420 கோடி பாட். 2025-26 முதல் ஆறு சீசன்களுக்கு இங்கிலாந்து பிரீமியர் லீக்கை ஜாஸ் நிறுவனம் சுமார் 56 கோடி டாலருக்கு எடுத்திருக்கிறது. இவ்வளவு கொட்டிக் கொடுத்தவர்கள் சந்தா வாங்காமல் விடுவார்களா? இலவசச் சேனலில் வருவது மளிகைக் கடையில் உள்ளங்கையில் வைக்கும் வெல்லத்துண்டுதான்.

உலகக் கோப்பை வழக்கு வேறு. எல்லோரும் பார்க்கும்படி காட்டியே ஆக வேண்டிய ஏழு போட்டிகள் என்று 2012-ல் ஆணையம் போட்ட பட்டியலில் அதுவும் இருந்தது. 2014-ல் உரிமை வைத்திருந்த ஆர்எஸ் நிறுவனம், 22 ஆட்டங்களை மட்டும் இலவசமாகத் தருவேன் என்று நீதிமன்றத்தில் வென்றது. கடைசியில் ஆணையமே 42.7 கோடி பாட் தந்து 64 ஆட்டங்களையும் காட்ட வைத்தது. 2022-ல் உரிமை வாங்க ஆணையத்தின் நிதியிலிருந்து 60 கோடி போனது, ட்ரூ 30 கோடி தந்தது. பிறகு ட்ரூ நீதிமன்றத் தடை வாங்க, மற்ற நிறுவனங்களின் இணையப் பெட்டிகள் கறுத்தன. கொடுத்த 60 கோடியை ஆணையம் திருப்பிக் கேட்டது தனிக்கூத்து. தாய்லாந்து மொழியில் இதற்குப் பெயரே உண்டு: 'ஜோ டம்', கறுப்புத் திரை. ஆன்டெனாவில் அந்தத் தடை ஏறவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் கெட்டிக்காரர்.

நீங்களும் ஒன்று வாங்குங்கள். டிவிபி-டி2 (டிஜிட்டல் ஆன்டெனா ஒளிபரப்பு முறை) ட்யூனர் உள்ள டிவி என்றால் பெட்டிகூட வேண்டாம். கடையில் 'காங் ப்லா' என்று கேளுங்கள். மீன்முள் என்று அர்த்தம், பார்த்தாலே தெரியும். 'நுவட் குங்' என்ற இறால்மீசை வீட்டுக்குள் வைப்பது. கான்கிரீட் சுவருக்குள் அது தடுமாறும். ஒளிபரப்பு பையோக் கோபுரத்திலிருந்து. சீலோமிலிருந்து வடக்கே, கொஞ்சம் கிழக்காக, சுமார் நாலு கிலோமீட்டர்தான். முனையை அந்தப் பக்கம் திருப்புங்கள். இவ்வளவு அருகில் பூஸ்டர் வாங்குவது வீண். அலை அளவுக்கு மீறிப் பெருகினால் ட்யூனர் திணறி, படம் கட்டம் கட்டமாக உடையும். பூஸ்டர் இல்லாத ஆன்டெனாவுக்கு மெனுவில் 5 வோல்ட் மின்சாரத்தை அணைத்து வையுங்கள். பூஸ்டர் உள்ளதற்கு அதைப் போட மறந்தால் சேனலே பிடிக்காது. கேபிள் 75 ஓம் ஆர்ஜி6. முனையைச் சீவும்போது பின்னல் கம்பியின் ஒரு இழைகூட நடுக்கம்பியைத் தொடக்கூடாது.

பழைய ட்யூனிங்கை நம்பாதீர்கள். 700 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை மொபைலுக்குப் போனபோது டிவி அலைகள் இடம் மாறின. பழையதை அழித்துவிட்டுப் புதிதாகத் தேட விடுங்கள். தேடி முடித்ததும் 13, 14, 15, 17, 19, 20, 21, 26, 28 காலியாக இருந்தால் ஆன்டெனாவை மறுபடி ஆட்டாதீர்கள்: அந்த ஒன்பதும் மூடிப்போன சேனல்களின் எண்கள்.