ஒன்பதரைக்குப் பிள்ளை நித்திரை

கேள்வி: நான் கோண்டாவிலைச் சேர்ந்த கணித ஆசிரியர். வயது 38. அரச பாடசாலையில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். அரச ஊழியர்கள் ஐந்து வருடம் வரை சம்பளமில்லாத விடுமுறையில் வெளிநாடு போகலாம் என்று 2022இல் அறிவித்த பிறகு நானும் விண்ணப்பித்து, 2023இல் மாலைதீவுக்கு வந்தேன். இருப்பது மாலேயில் அல்ல, ஒரு சின்னத் தீவில். இரண்டு வருடமாகியும் இந்த இடம் எனக்கு ஒட்டவில்லை. வெள்ளியும் சனியும் லீவு, ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடம். கிழமையே குழம்பிக் கிடக்கிறது. எந்த நேரமும் மீன். கோயில் இல்லை, நல்லூர்க் கொடியேற்றத்தைப் போனில்தான் பார்க்கிறேன். பிள்ளைகள் சொல்வழி கேட்பதில்லை, என் ஆங்கிலத்துக்குச் சிரிக்கிறார்கள். சம்பளம் ரூபியாவில், அதை டொலராக்கி அனுப்புவது பெரிய தலையிடி. பின்னேரங்களில் அறையை விட்டு வெளியே போவதில்லை. கிழமையில் நாலு நாள் ஆறு மணியிலிருந்து எட்டரை வரை ஓ.எல். சோதனை எழுதப்போகிற யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்குச் சூமில் வகுப்பு. முடித்து, குளித்து, சாப்பிட்டு ஒன்பது மணிக்குக் கோல் எடுத்தால் ஊரில் ஒன்பதரை, மகன் நித்திரையாகிவிடுவான். மனைவியோடு கதைத்துவிட்டுப் படுப்பேன். மகன் மூன்றாம் ஆண்டு. கணிதம் கொஞ்சம் பின்னுக்கு என்று பின்னேரத்தில் பக்கத்து ரியூசனுக்கு விட்டிருக்கிறோம். தங்கச்சியின் சீதன வீட்டுக்கு எடுத்த கடன் போன வருடம் முடிந்தது. இப்போது எங்கள் வீட்டுக்கு மேல்மாடி போடக் காசு சேர்க்கிறேன். இந்த ஊர் வாழ்க்கைக்கு மனதைப் பழக்குவது எப்படி?
— பெயர் வேண்டாம், மாலைதீவு

பதில்: தம்பி, மீனையும் ஞாயிற்றுக்கிழமைப் பள்ளிக்கூடத்தையும் பிறகு பார்ப்போம். “ஊரில் ஒன்பதரை, மகன் நித்திரையாகிவிடுவான்” என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர். எழுதிவிட்டு நீர் மனைவியோடு கதைக்கப் போய்விட்டீர். எனக்கு அந்த வரியைத் தாண்டிப் போக முடியவில்லை.

உங்கே ஆறு மணி என்றால் இங்கே ஆறரை. விளக்கேற்றி, பிள்ளை கை கால் கழுவி, தேவாரம் சொல்லி, கொப்பியை விரிக்கிற நேரம். அந்த நேரத்தில் நீர் எங்கே இருக்கிறீர்? போனுக்கு முன்னால் இருக்கிறீர். நெற் இருக்கிறது, குரல் இருக்கிறது, பாடமும் கையில் இருக்கிறது. எல்லாம் ஊரிலுள்ள மற்ற ஆக்களின் பிள்ளைகளுக்கு. உம்முடைய பிள்ளை பின்னேரம் பக்கத்து ரியூசனில் இன்னொரு சேரிடம் வாய்பாடு படிக்கிறான். கணித வாத்தியாரின் மகனுக்குக் கணிதம் பின்னுக்கு, அதற்கு மாதாமாதம் காசும் கட்டுகிறீர். இந்த இரண்டையும் ஒரே கடிதத்தில், நாலு வரி இடைவெளியில் எழுதியும் உமக்கு ஒன்றும் குத்தவில்லையா?

நேரமில்லை என்று மட்டும் சொல்லாதையும். நாலு நாள்தானே வகுப்பு. மற்ற மூன்று நாளும் ஆறு மணிக்கு என்ன செய்தீர்? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

நான் நினைக்கிறதைச் சொல்லவா? நேரக் கணக்குப் பிசகி நீர் ஒன்பது மணிக்குக் கோல் எடுக்கவில்லை. அரை மணித்தியால வித்தியாசம் ஒரு கணித ஆசிரியருக்குத் தெரியாமல் போகாது. பிள்ளை முழித்திருந்தால் “அப்பா, எப்ப வாறீங்கள்?” என்று கேட்பான். அதற்கு உம்மிடம் பதில் இல்லை. அதனால் அவன் படுத்த பிறகு மனைவியிடம் சுகம் விசாரித்துவிட்டு, கடமை முடிந்தது என்று நீரும் படுக்கிறீர். இப்படி எழுதும் அப்பாமாரின் கடிதங்கள் எனக்கு வந்துகொண்டே இருக்கின்றன. கட்டார், லண்டன், கனடா, இப்போது மாலைதீவு. ஊர்ப் பெயர்தான் மாறுகிறது. அந்தப் பிள்ளைகள் வளர்ந்து இதே பகுதிக்கு எழுதுகிற கடிதங்களும் வருகின்றன. “அப்பா வந்து நிற்கிறார், அவரோடு கதைக்க எனக்கு ஒன்றுமில்லை” என்று எழுதுகிறார்கள். கோபித்து எழுதினாலாவது பரவாயில்லை. இவர்கள் கோபப்படுவதுகூட இல்லை.

யாழ்ப்பாணம் படித்த மனிசரை வெளியே அனுப்பத் தொடங்கி நூறு வருடத்துக்கு மேல். அந்தக் காலத்தில் மலாயாவுக்குக் கிளாக்கர் வேலைக்கும் றெயில்வே வேலைக்கும் போனார்கள். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் நைஜீரியாவுக்கும் சாம்பியாவுக்கும் படிப்பிக்கப் போனார்கள். கடிதம் போய்ச் சேரவே கிழமைக்கணக்கு. இருந்தும் நீல ஏரோகிராமில் ஓரம் வரை நுணுக்கி எழுதி, மடிப்பில் பிள்ளைக்கென்று நாலு வரி ஒதுக்கி, “இந்தக் கணக்கைச் செய்து அனுப்பு” என்று எழுதின அப்பாமார் இருந்தார்கள். எல்லோரும் அப்படி இல்லை. ஆனால் அப்படிச் செய்தவர்களுடைய பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அப்பாவின் கையெழுத்தைக் காட்டினால் இன்றைக்கும் சொல்லுவார்கள், அது அவர்தான் என்று. உம்முடைய கையில் படத்தோடு, குரலோடு, அந்தக் கணமே போய்ச் சேரும் போன் இருக்கிறது. அதைப் பிள்ளை நித்திரையான பிறகு எடுக்கிறீர்.

மேல்மாடி பற்றியும் சொல்ல வேண்டும். தங்கச்சிக்குச் செய்தது உம்முடைய கடமை. மூத்தவன் செய்ய வேண்டியதைச் செய்து, கடனையும் கட்டி முடித்திருக்கிறீர். அதற்கு உம்மை நான் மெச்சுகிறேன். சீதனம் என்ற வழக்கம் எனக்குப் பிடிக்காது, அது வேறு கதை. ஆனால் கடன் முடிந்த அடுத்த மாதம் நீர் உம்மை ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும்: இனி நான் ஆருக்காக இங்கே இருக்கிறேன்? அதைக் கேட்காமல் மேல்மாடிக்குக் காசு சேர்க்கத் தொடங்கிவிட்டீர். கோண்டாவிலிலிருந்து சைக்கிளில் இணுவில் பக்கமாக ஒருக்கால் போய்ப் பார்க்கச் சொல்லி மனைவியைக் கேளும். மேலும் கீழுமாக மாபிள் பதித்த வீடுகள், கேற்றில் பூட்டு, வளவு கூட்ட ஒரு கிழவி. உரித்துக்காரர் ரொறன்ரோவில். மூன்று பேர் இருக்கிற குடும்பத்துக்குக் கீழ்வீடு போதாதா? பிள்ளைக்குச் சேர்க்கிறேன் என்று சொல்லுவீர். எட்டு வயதுப் பிள்ளை மேல்மாடி கேட்டானா?

இனி உம்முடைய கேள்விக்கு வருகிறேன். அந்த ஊர் உமக்கு ஒட்டவில்லை என்கிறீர். ஒட்டுவதற்கு நீர் எப்போது அங்கே இருந்தீர்? காலையில் பள்ளிக்கூடம், பின்னேரம் கதவைச் சாத்திவிட்டு யாழ்ப்பாணத்து வகுப்பு. தீவிலும் இல்லை, வீட்டிலும் இல்லை. எங்களூரிலும் இதைப் பார்த்திருக்கிறோம். நெடுந்தீவுக்கு இடமாற்றம் வந்தால் அதை மாற்ற ஆள் பிடிக்கிறது முதல் வேலை. போகிறவர்களிலும் சிலர் குறிகட்டுவானில் விடிய வள்ளம் ஏறி, திரும்புகிற வள்ளத்துக்கு மணி பார்த்தபடி பாடம் நடத்துவார்கள். அங்கேயே தங்கி, பின்னேரமும் பிள்ளைகளைக் கூப்பிட்டு வைத்துப் படிப்பித்தவர்களும் இருக்கிறார்கள். எந்தச் சேர் எந்த ரகம் என்று நெடுந்தீவுப் பிள்ளைக்கு முதல் கிழமையே விளங்கிவிடும். உம்முடைய தீவுப் பிள்ளைகளுக்கு மட்டும் விளங்காமலா இருக்கும்? உம்முடைய ஆங்கிலம் மட்டுமல்ல, இந்த மனிசன் எங்களோடு இல்லை என்று தெரிந்ததும் சிரிப்புக்குக் காரணம்.

ஆங்கிலத்தைத் திருத்தலாம். தமிழில் படித்து, தமிழில் படிப்பித்துவிட்டு, கேம்பிறிட்ஜ் பாடத்திட்டத்தை ஆங்கிலத்தில் நடத்துவது லேசான வேலை இல்லை. அது எனக்கு விளங்கும். முதல் நாள் இரவே அடுத்த நாள் பாடத்தை வாய்விட்டு ஒருமுறை சொல்லிப் பாரும். “இதிலிருந்து இது வருகிறது”, “இரண்டு பக்கத்தையும் வகுத்தால்” என்பது போன்ற ஒட்டுவசனங்கள்தான் நாக்கில் தடக்கும், எண்கள் தடக்காது. அதையெல்லாம் ஒரு கொப்பியில் எழுதி வைத்துக்கொள்ளும். சொல்வழி கேட்கிறார்கள் இல்லை என்று எழுதியிருக்கிறீர். அதட்டாமல், தடி தூக்காமல் ஒரு வகுப்பைப் பிடித்து வைக்க இங்கேயே பழகியிருக்க வேண்டும். அதற்கு மாலைதீவைக் குற்றம் சொல்லாதையும்.

அவர்களுடைய எழுத்தைப் படியும். அதற்குத் ‘தானா’ என்று பெயர். வலமிருந்து இடம் போகும், மொத்தம் 24 எழுத்து, உயிர்க்குறிகள் மேலும் கீழும் வரும். 247 எழுத்துப் படித்த மனிசனுக்கு அது என்ன பாரம்? வகுப்பிலுள்ள ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் அந்த எழுத்தில் கரும்பலகையில் எழுதிக் காட்டும். முதல் நாள் பிழையாகத்தான் எழுதுவீர். பிள்ளைகள் எழும்பி வந்து திருத்துவார்கள், திருத்தட்டும். அன்றைக்கும் சிரிப்பார்கள்; அது நீர் பயப்படுகிற சிரிப்பாக இராது.

பின்னேரம் நாலரைக்கு அறையை விட்டு வெளியே வாரும். உந்தத் தீவுகளில் கரையோரமாகக் கயிற்றுவலைக் கதிரைகள் போட்டுச் சனம் இருந்து கதைக்கும். போய் இரும். அவர்களில் பாதிப்பேர் உம்முடைய மாணவர்களின் அப்பாமார், மாமாமார். மீன் மீன் என்று அலுத்துக்கொள்கிறீர். நாங்கள் சம்பலுக்கு இடிக்கிற மாசி எங்கேயிருந்து வருகிறது? உங்கேயிருந்துதான் வருகிறது. சூரையை அவித்து, புகை போட்டு, வெயிலில் காய வைத்தால் மாசி. அதே சூரையைத் தேங்காய்ப்பூ, வெங்காயம், மிளகாய், தேசிக்காய்ப் புளியோடு பிசைந்து காலமை ரொட்டியோடு சாப்பிடுகிறார்கள். யாழ்ப்பாணத்து நாக்குக்கு இது அந்நியச் சாப்பாடா? தனிய அறையில் இருந்து நூடில்ஸ் அவிக்கிறவனுக்கு எந்த ஊரும் ருசிக்காது. நூடில்ஸ் என்று நீர் எழுதவில்லை. எட்டரைக்கு வகுப்பு முடித்து ஒன்பதுக்குள் குளித்துச் சாப்பிட்டு முடிக்கிறவர் வேறு என்ன சமைப்பார்?

கோயில் விசயம். வேறு சமயத்தவர் பொதுவில் வழிபட அந்த நாட்டுச் சட்டம் இடம் கொடாது. அது தெரிந்துதான் போனீர், அதை மதியும். ஆனால் ஆறரைக்கு வீட்டில் மகன் தேவாரம் சொல்லும்போது போனில் நீரும் கூட இரும். உம்முடைய அறைக்குள் மெல்லச் சொல்லுகிற தேவாரம் ஒருவருக்கும் இடைஞ்சல் இல்லை. கொடியேற்றத்தை நீர் தனியப் பார்க்காமல், மகன் அம்மாவோடு நல்லூர் வீதியில் நின்று உமக்குக் காட்டட்டும்.

இப்போது வகுப்பு. ஓ.எல். பிள்ளைகளை நடுவில் கைவிடச் சொல்ல மாட்டேன். உம்மை நம்பி இருக்கிறார்கள். உங்கேயும் இங்கேயும் பொதுவாக லீவு நாள் சனிக்கிழமை ஒன்றுதான். வகுப்பைச் சனி காலைக்கு மாற்றும், ஒரேயொரு நீள வகுப்பு. அது போதாது என்கிற பெற்றோருக்கு ஊரிலுள்ள வேறொரு நல்ல ஆசிரியரைக் காட்டிவிடும். யாழ்ப்பாணத்தில் ரியூசனுக்கா பஞ்சம்? இந்தப் பிள்ளைகள் சோதனை எழுதி முடிந்ததும் புதிதாக ஒருவரையும் சேர்க்காதையும். அதோடு உம்முடைய வேலை ஒப்பந்தத்தை எடுத்து வெளிவேலை பற்றி என்ன எழுதியிருக்கிறது என்றும் வாசியும்.

ஆறு மணி இனி மகனுடையது. “சாப்பிட்டியா, படிச்சியா” என்று கேட்டால் அவன் “ஓம்” என்று சொல்லிவிட்டு ஓடிவிடுவான். அதைச் சொல்லவில்லை. அவன் கொப்பியைக் கமராவுக்கு முன்னால் விரிக்க வேண்டும், நீர் அந்தப் பக்கத்தைப் பார்க்க வேண்டும். ஏழாம் வாய்பாட்டில் எங்கே தடக்குகிறான், கடன் எடுத்துக் கழிக்கும்போது எந்த இடத்தில் பிழைவிடுகிறான் என்று உமக்குத் தெரிய வேண்டும். ஒரு மாதம் இப்படி இருந்தால் பக்கத்து ரியூசன் தேவைப்படாது. “எப்ப வாறீங்கள்” என்று அவன் கேட்டால் ஒரு திகதி சொல்லும். ஐந்து வருடமும் இருந்தால் 2028. அப்போது அவன் புலமைப்பரிசில் சோதனையெல்லாம் முடித்து ஆறாம் ஆண்டில் நிற்பான். கடனும் இல்லாத மனிசன் அவ்வளவு காலம் ஏன் நிற்க வேண்டும் என்று மனைவியோடு இருந்து கதையும். முடிவு உங்கள் இருவருடையது. என் எண்ணத்தை ஒளிக்கவில்லை: அடுத்த வருடமே வந்து உம்முடைய பழைய பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போடும்.

அதுவரைக்கும், வருகிற ஓகஸ்ட் விடுமுறைக்கு அவர்கள் இருவருக்கும் ரிக்கற் போடும். வந்திறங்கியதும் 30 நாள் விசா இலவசமாகக் கொடுக்கிற நாடு அது. தங்குமிடமும் திரும்புகிற ரிக்கற்றும் காட்ட வேண்டியிருக்கும், அதை முன்கூட்டியே ஒழுங்குபடுத்தும். கொழும்பிலிருந்து விமானம் ஒன்றரை மணித்தியாலம். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் போகிற பாடுதான் கூட. மேல்மாடிக் காசில் எடும். அப்பா எங்கே படுக்கிறார், எந்தக் கரையில் நடக்கிறார், எந்தப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறார் என்று அவன் பார்க்கட்டும்.

நேர மாற்றத்தை ஓ.எல். பிள்ளைகளின் பெற்றோருக்கு இந்தக் கிழமைக்குள் அறிவியும். மாதக் காசை முன்கூட்டி வாங்கியிருந்தால், எடுக்காத வகுப்புகளுக்குரியதைக் கணக்குப் பார்த்துத் திருப்பிக் கொடும்.